உடைந்த பாத்திரங்களும் பிளந்த அணுவும்

(கண்டியில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யூத மறைஞானத்துக்கும் நவீன விஞ்ஞானத்துக்கும் என்ன உறவு என்பது இன்றைய தலைப்பு. இதற்கும் கண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அழைப்பிதழைப் பார்த்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தலதா மாளிகைக்குப் பின்னால் ஏறிப் போகும் உடவத்தகெலே காட்டில், ஜேர்மனிய யூதக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1994இல் காலமானார். பேராதனையில் குடியிருந்த தமிழ்ப் புவிச்சரிதவியலாளர் ஒருவர் உலகுக்கு அறிமுகப்படுத்திய கனியம், அணு பிளந்த கதையின் முதல் அத்தியாயத்துக்குள் போய்ச் சேர்ந்தது. இந்த இருவரிடமும் வருவேன். அதற்கு முன்னால் கொஞ்சம் வேடிக்கை.

ஒளிக்கும் இலத்திரனுக்கும் இடையிலான தொடர்பு எவ்வளவு வலியது என்பதைக் குறிக்கும் ஓர் எண் பௌதிகவியலில் உண்டு. ஏறத்தாழ 137இல் ஒரு பங்கு. அது ஏன் அந்த அளவாக இருக்கிறது என்று இன்றுவரை எவரும் காரணம் சொல்லவில்லை. வொல்ஃப்காங் பவுலி என்ற பெரும் விஞ்ஞானி இந்த எண்ணை நினைத்து நினைத்துத் தவித்தவர். 1958 டிசம்பரில் சூரிச் நகர வைத்தியசாலையில் அவரைச் சேர்த்த அறையின் இலக்கம் 137. அங்கேயே இறந்தும் போனார். இனி ஹீப்ரு எழுத்துகளுக்கு வருவோம். அவை ஒவ்வொன்றுக்கும் எண் பெறுமானம் உண்டு. யூத மறைஞானத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கப்பாலா. அந்தச் சொல்லின் நான்கு எழுத்துகளுக்கும் பெறுமானம் 100, 2, 30, 5. கூட்டிப் பாருங்கள்: 137.

இந்த இடத்தில் கைதட்டல் எழுவது வழக்கம். இங்கும் எழுந்தது, பார்த்தேன். ஆனால் அளந்த பெறுமானம் 137.036 என்று போகிறது. தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் 036 எந்த எழுத்துக்குரியது என்று ஒருவரும் சொல்வதில்லை. போதாக்குறைக்கு, அந்த எண் நிலையானதும் அல்ல. மிக உயர்ந்த சக்தியில் துணிக்கைகளை மோதவிட்டு அளந்தால் அது ஏறத்தாழ 128இல் ஒரு பங்காகிவிடுகிறது. கப்பாலா என்ற சொல்லில் அப்போது ஓர் எழுத்தை மாற்ற முடியாது.

இன்னொன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த அக்ரே நகரத்து ஐசக் என்ற கப்பாலா அறிஞர், கடவுளின் ஒரு நாள் நமக்கு ஆயிரம் ஆண்டு என்று வைத்துக் கணக்குப் போட்டார். அப்படியானால் கடவுளின் ஓர் ஆண்டு நமக்கு 3,65,250 ஆண்டு. ஒரு கப்பாலா மரபின்படி ஆதாமுக்கு முன்னால் கழிந்த 42,000 ஆண்டுகளைக் கடவுளின் ஆண்டுகளாகக் கொண்டு பெருக்கினால் 1534 கோடி வருகிறது. இந்தப் பெருக்கலை 1970களின் இறுதியில் மேடைக்குக் கொண்டுவந்தவர் நியூயோர்க்கைச் சேர்ந்த ஆர்யே கப்லான். பௌதிகவியலில் முதுமாணிப் பட்டம் பெற்ற யூத குரு அவர். பிரபஞ்சத்தின் வயது 1000 கோடிக்கும் 2000 கோடிக்கும் இடையில் எங்கோ என்று விஞ்ஞானிகள் தடுமாறிக்கொண்டிருந்த காலம் அது. ஐசக்கின் கணக்கு நட்ட நடுவில் போய் விழுந்தது. கேட்டவர்கள் மெய்சிலிர்த்தார்கள். இன்று நாம் ஏற்றுக்கொண்டிருக்கும் வயது 1380 கோடி ஆண்டு. விஞ்ஞானம் தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. ஐசக் எதைத் திருத்துவார்? அவர் பிரபஞ்சத்தை அளக்கவே இல்லையே. வேதத்தின் நாள்களுக்கு ஒரு பொருள் தேடினார், அவ்வளவுதான்.

யூதர்களைப் பார்த்துச் சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் நவீன வானியல் முழுவதும் இருக்கிறது என்று கோயில் மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அண்டங்கள் எண்ணிறந்தவை என்று மாணிக்கவாசகர் வியந்தது உண்மை. அந்த வியப்பின் நோக்கம் வேறு. எவரும் அந்தப் பகுதியைப் படித்துவிட்டுத் தொலைநோக்கியைத் திருப்பிப் புதிதாக ஒரு விண்மீன் கூட்டத்தைக் கண்டுபிடிக்கவில்லை. தொலைநோக்கிக்காரன் கண்டுபிடித்த பிறகுதான் நம் ஆட்கள் பாட்டைப் புரட்டுகிறார்கள். ஸோஹார் என்ற கப்பாலா நூலுக்கும் இதே கதைதான்.

சரித்திரத்தில் உண்மையான தொடர்பே இல்லையா என்றால், இருந்தது. கப்பாலா நூல்களின் இலத்தீன் மொழிபெயர்ப்பு ஒன்று 1677 தொடக்கம் ஜேர்மனியில் அச்சாயிற்று. அதைச் செய்தவர் க்நோர் ஃபொன் ரோசன்ரோத் என்ற கிறிஸ்தவ அறிஞர். அவரைச் சந்திக்கக் கணிதமேதை லைப்னிட்ஸ் 1688இல் சுல்ஸ்பாக் என்ற ஊருக்கே போனார். நியூட்டனின் நூலகத்திலும் அந்த நூல் இருந்தது. ஆனால் நியூட்டன் அதைப் படித்துவிட்டு, ஆதி மதத்தைக் கெடுத்த கலப்படங்களில் இதுவும் ஒன்று என்றே முடிவு கட்டினார். ஈர்ப்பு விதிக்குள் கப்பாலாவின் ஒரு வரிகூட நுழையவில்லை.

சரி, கப்பாலா உண்மையில் என்ன சொல்கிறது? அதன் பெரும் நூலான ஸோஹார் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினின் கஸ்தீல் பகுதியில் வெளிவந்தது. எல்லையற்ற, அறிய முடியாத கடவுளிலிருந்து பத்துப் படிகளாக வெளிப்பாடு நிகழ்கிறது என்பது அதன் அடிப்படை. அறிவு, அருள், தீர்ப்பு, அழகு என்று அந்தப் படிகளுக்குப் பெயர்கள் உண்டு. கடைசிப் படி இறைவனின் பெண்மை, உலகோடு சேர்ந்து அலைபவள். சிவம், சக்தி, சதாசிவம் என்று தத்துவப் படிகளை எண்ணிப் பழகிய சைவர்களுக்கு இதில் திகைக்க ஒன்றும் இல்லை.

நான் அதிகம் பேச விரும்புவது அதற்குப் பிந்திய ஒருவரைப் பற்றி. 1492இல் ஸ்பெயின் தன் யூதர்கள் அனைவரையும் வெளியேற்றியது. மதம் மாறு, இல்லையேல் போ. பல நூற்றாண்டுகளாக அந்த மண்ணிலேயே பிறந்து இறந்த குடும்பங்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறின. அவர்களில் சிலருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கலிலேயா மலையிலுள்ள ஸஃபேத் என்ற சிற்றூரில் கூடினார்கள். அங்கே 1570இல் வந்து சேர்ந்தவர் ஐசக் லூரியா. இரண்டே ஆண்டுகளில், 38 வயதில், கொள்ளைநோயில் இறந்தார். தன் கையால் அவர் எழுதியது மிகக் கொஞ்சம். ஹயீம் விற்றால் என்ற சீடரும் மற்றவர்களும் எழுதி வைத்தது கடலளவு.

லூரியா சொன்ன கதை இது. எங்கும் நிறைந்த கடவுள் உலகைப் படைக்க வேண்டுமானால் இடம் வேண்டும். ஆகவே படைப்பின் முதற்செயல், கடவுள் தன்னைச் சுருக்கிக்கொண்டு பின்வாங்கியது. ஒரு வெறுமை உண்டாயிற்று. அந்த வெறுமைக்குள் ஒளி பாய்ந்தது. ஒளியை ஏந்த வைத்த பாத்திரங்கள் தாங்க மாட்டாமல் உடைந்தன. சிதறிய ஓட்டுத் துண்டுகளோடு ஒளிப்பொறிகளும் எங்கெங்கோ போய் விழுந்தன. எந்தப் பொருளும் இன்று தன் இடத்தில் இல்லை. மனிதன் செய்யும் ஒவ்வொரு நற்செயலும், ஒவ்வொரு வழிபாடும், ஒரு பொறியை அதன் இடத்துக்குத் திருப்பி அனுப்பும் வேலை.

சுருக்கம், வெறுமை, வெடிப்பு, சிதறல். பெருவெடிப்பை ஆவணப்படத்தில் பார்த்த எவருக்கும் கை துறுதுறுக்கும். ஒப்பிட்டு எழுதிய புத்தகங்கள் பல. என் மறுப்பு எளிமையானது. லூரியாவைப் பெருவெடிப்பின் தீர்க்கதரிசி ஆக்கினால் அவருடைய துயரம் காணாமல் போய்விடுகிறது. கர்ஷம் ஷோலம் என்ற மகா அறிஞர் 1941இல் வெளியிட்ட நூலில் சொன்ன விளக்கம் எனக்குப் பெரிதும் உடன்பாடானது. நாடு கடத்தப்பட்ட ஒரு மக்கள் தம் நாடுகடத்தலைக் கடவுளுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள். முதலில் ஊரைவிட்டுப் போனவர் கடவுளே. அப்புறம்தான் நாம். மோஷே இடெல் என்ற அடுத்த தலைமுறை ஆய்வாளர் இதை ஏற்கவில்லை. இந்தக் கருத்துகளின் வேர் 1492க்கு முற்பட்டது என்று ஆதாரம் காட்டுகிறார். வேர் முந்தியதாகவே இருக்கட்டும். ஆனால் ஸஃபேத்தில் அதைக் கேட்டவர்கள் யார்? 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தமும் யாருடைய வீட்டு வாசலில் என்ன செய்தன என்று தெரிந்த இந்த மலைநாட்டுச் சபைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்த ஷோலம் இளமையில் கணிதம் படித்தவர். யேனா பல்கலைக்கழகத்தில் தர்க்கவியல் மேதை ஃப்ரேகேயின் விரிவுரையில் உட்கார்ந்தவர். கணிதத்தை விட்டுக் கப்பாலாவுக்கு வந்தபோது கணிதக்காரனின் கறார்த்தனத்தையும் கையோடு கொண்டுவந்தார். ஸோஹார் இரண்டாம் நூற்றாண்டு முனிவர் அருளியது என்பது மரபு. அதன் அரமேய மொழியை இலக்கணப் பிழை பிழையாகத் துருவி, இது 13ஆம் நூற்றாண்டு மோசே த லெயோன் என்ற கப்பாலா அறிஞரின் கைவண்ணம் என்று நிறுவினார். மறைஞானத்தின்மேல் விஞ்ஞான மனம் உருப்படியாக வேலை செய்தது என்றால் இதுதான் என்பேன். எந்த அதிசயமும் நிரூபணமாகவில்லை. நூல் மட்டும் தெளிவானது.

பெருவெடிப்பை விட்டுப் போகுமுன் ஒரு செய்தி. அந்தக் கொள்கையின் மூலவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் லெமெத்ர், ஒரு கத்தோலிக்கக் குருவானவர். 1951 நவம்பரில் பாப்பரசர் பன்னிரண்டாம் பியஸ், இந்தக் கொள்கை வேதாகமப் படைப்பை உறுதிசெய்கிறது என்ற தொனியில் பேசினார். மகிழ வேண்டியவர் லெமெத்ர்தானே? அவர் கவலைப்பட்டார். அப்படிப் பேச வேண்டாம் என்று வத்திக்கானில் எடுத்துச் சொன்னார். பியஸ் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாளைக்குக் கொள்கை மாறினால் படைப்பும் பொய்யாகிவிடுமா என்பது அதற்குள் இருந்த கேள்வி. தன் விசுவாசத்தையும் தன் சமன்பாட்டையும் தனித்தனியே மதிக்கத் தெரிந்த மனிதர்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் பிறந்தவர். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயப் பெண்மணி. லண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்து, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவைத் திணைக்களத்தின் முதற்பணிப்பாளராக இருந்தார். பேராதனையில் வீடு. கல்லுக்காகத்தான் காடு மேடெல்லாம் அலைந்தார். அலையும்போது கண்ணில் பட்டவை கண்டி நாட்டின் மரச்செதுக்கு, பித்தளை வேலை, பாய்ப் பின்னல், இடிந்துகொண்டிருந்த விகாரைகள். 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, பழங்கட்டடங்களைக் காப்பாற்றச் சொன்னார். 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலைத் தன் அச்சகத்திலேயே அச்சிட்டார். அதற்குள் கல் அவரை விட்டுப் போயிருந்தது.

ஆனால் அந்தக் கல்லின் கதையைக் கேளுங்கள். பலாங்கொடைப் பக்கத்து இரத்தினக்கல் படிவுகளில் கறுப்பாக, கனசதுரமாக, அசாதாரணப் பாரத்தோடு ஒரு கனியம் கிடைத்தது. குமாரசுவாமி அதை லண்டனுக்கு அனுப்ப, 1904இல் அது புதிய கனியம் என்று உறுதியாயிற்று. தோரியனைற் என்று பெயர். பெரும்பகுதி தோரியம், கூடவே யுரேனியம். கதிர்த்தொழிற்பாடு கண்டுபிடிக்கப்பட்டு எட்டே ஆண்டுகளான காலம். ஆய்வுகூடங்கள் இப்படியொரு பொருளுக்குத் தவம் கிடந்தன. லண்டனில் வில்லியம் ராம்சேயிடம் பயிற்சிக்கு வந்திருந்த ஒட்டோ ஹான் என்ற ஜேர்மன் இளைஞர், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பிரித்த உப்பில் 1905இல் ஒரு புதிய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டார். ரேடியோதோரியம். அதுதான் அவரை அணு ஆய்வுக்குள் இழுத்தது. பெர்லினில் அவரோடு முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர் லீஸா மைட்னர், வியன்னா யூதக் குடும்பத்துப் பெண். 1938 ஜூலையில் அவர் நாசிகளுக்குத் தப்பி ஓட வேண்டியதாயிற்று. அதே டிசம்பரில் ஹானும் அவர் சகா ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தில் கண்ட விளங்காத முடிவைக் கடிதத்தில் எழுத, சுவீடனில் அகதியாக இருந்த மைட்னரும் அவர் சகோதரியின் மகன் ஃப்ரிஷும் அணு பிளந்திருக்கிறது என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். நொபெல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது.

குமாரசுவாமியின் இரண்டாவது வாழ்க்கை சிவ நடனத்தில் தொடங்குகிறது என்று சொல்லலாம். அந்தப் புகழ்பெற்ற கட்டுரை 1912இல் சித்தாந்த தீபிகை ஏட்டில் வந்தது. அதன் ஆதாரங்கள் உண்மை விளக்கமும் திருமந்திரமும் போன்ற நம் நூல்கள். கலையும் சமயமும் விஞ்ஞானமும் ஒன்றுசேர்ந்த வடிவம் நடராசர் என்று அவர் வியந்தது உண்மைதான். ஆனால் தோரியனைற்றைத் தன் கையில் வைத்துப் பார்த்த அந்த மனிதர், அணுச் சிதைவைச் சிவன் முன்பே ஆடிக் காட்டினார் என்று எழுதவில்லை. அந்த வேலையை 1975இல் ஃப்ரிட்யோஃப் காப்ரா என்ற பௌதிகவியலாளர் செய்தார். ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் 2004 ஜூன் 18இல் திறந்துவைத்த நடராசர் சிலையின் பலகையில் குமாரசுவாமி பெயரும் இருக்கிறது. நமக்குப் பெருமை. அந்தப் பலகை அவருடைய கனியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்கு ஒரு சிறு மனக்குறை. சேர்னுக்குள் நுழைய அவருக்கு நடராசர் சிபாரிசு தேவைப்பட்டிருக்காது.

போகிற போக்கில் இன்னொருவர். 1907இலும் 1908இலும் கண்டிக் கச்சேரியில் வேலை செய்தவர் லெனார்ட் வூல்ஃப், லண்டன் யூதர். மறைஞானம், மதம் இரண்டிலும் நம்பிக்கை அற்றவர். எல்லா யூதரும் கப்பாலாவைத் தலையணைக்குக் கீழ் வைத்துத் தூங்குகிறவர்கள் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

உடவத்தகெலேக் காட்டுக்காரர் மிச்சம் இருக்கிறார். சீக்மண்ட் ஃபெனிகர், 1901இல் ஹனாவ் என்ற ஊரில் பிறந்தவர். இளமையில் ஹீப்ரு படிப்பு, பிறகு புத்தகக்கடை வேலை, புத்தகங்கள் வழியே பௌத்தம். 1935இல் தாயை அழைத்துக்கொண்டு வியன்னாவுக்குப் போனார். 1936இல் இலங்கை வந்து, ஞானதிலோக தேரரிடம் துறவு பூண்டு ஞானபோனிகர் ஆனார். தாயையும் 1939இல் இங்கே வரவழைத்துக் காப்பாற்றினார். போர் தொடங்கியதும் பிரித்தானியருக்கு அவர் ஜேர்மன்காரர், ஆகவே எதிரி. நாசிகளுக்கோ அவர் யூதர். தியத்தலாவையிலும் பிறகு டேராடூனிலும் முள்வேலிக்குள் 1946 வரை கழித்தார். அந்த முகாமிலும் அபிதம்ம நூல்களை ஜேர்மனில் பெயர்த்துக்கொண்டிருந்தார். 1958இல் இரு நண்பர்களோடு அவர் தொடங்கிய பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கம் இன்றும் கண்டிக் குளக்கரையில், சங்கராஜ மாவத்தையில் இயங்குகிறது.

பர்மாவில் மகாசி சாயாடோவிடம் பயிற்சி பெற்றுத் திரும்பியபின் 1954இல் அவர் எழுதிய தியான நூல்தான் நமக்கு வேண்டியது. அதில் பிரபஞ்சத் தோற்றம் பற்றிய பேச்சு கிடையாது. மனத்தில் எது எழுகிறதோ அதை விருப்பு வெறுப்பின்றி அப்படியே கவனி என்கிறார்; எப்படிக் கவனிப்பது என்று படிப்படியாகக் காட்டுகிறார். அரிசியில் கல் பொறுக்கும் பெண்ணின் கவனம் அது. கல் ஏன் வந்தது என்ற விசாரணை பிறகு.

சுவிட்சர்லாந்தில் ஞானபோனிகரைச் சந்தித்து நண்பரானார் எரிக் ஃப்ரொம். அவரும் யூதர், ராபிகள் எனும் யூத குருமார் வழிவந்தவர், தல்மூத் படித்தே வளர்ந்த உளப்பகுப்பாய்வாளர். 1970களில் அமெரிக்காவிலிருந்து இந்தப் பக்கம் வந்த இளைஞர்களில் யூத வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். டேனியல் கோல்மன் என்ற உளவியலாளர் கண்டியில் தங்கி ஞானபோனிகரிடம் கற்றார். புரூக்ளினில் பிறந்த யூதர் ஒருவர் பிக்கு போதி என்ற பெயரில் அவருக்குப் பின் அந்தச் சங்கத்தை நடத்தினார். ஞானபோனிகரின் நூலால் ஆழமாகப் பாதிக்கப்பட்ட இன்னொருவர் ஜோன் கபட் ஸின். மூலக்கூற்று உயிரியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், 1979இல் மசாசூசெட்ஸ் மருத்துவக்கல்லூரியில் தீராத வலியுள்ள நோயாளிகளுக்கு இந்தக் கவனிப்பைப் பயிற்றத் தொடங்கினார். கலாநிதிப் படிப்பில் அவருக்கு வழிகாட்டியவர் பெயர் தெரியுமா? சல்வடோர் லூரியா. ஸஃபேத் லூரியா மறுபிறவி எடுத்துவிட்டார் என்று ஒருவர் புத்தகம் எழுதினாலும் நான் வியப்படைய மாட்டேன்.

நோயாளிகளுக்குத் தியானம் பயிற்றும் இந்த இடத்தில்தான் மறைஞானமும் விஞ்ஞானமும் நேருக்கு நேர் சந்திக்கின்றன என்று நான் எண்ணுகிறேன். காரணம், இங்கே தோற்க முடியும். 2014இல் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றில் தியானப் பயிற்சி பற்றிய 47 பரிசோதனைகளை, 3,515 பேரின் தரவுகளை, ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். பதகளிப்பு, மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் சிறிதளவு முதல் மிதமான அளவு வரை பலன் தெரிந்தது. நித்திரை, உடல்நிறை போன்றவற்றில் சொல்லும்படியாக ஒன்றும் தெரியவில்லை. மருந்தையோ உடற்பயிற்சியையோ விடத் தியானம் மேலானது என்பதற்கும் சான்று இல்லை. பக்தருக்கு இது ஏமாற்றம். எனக்கு நிம்மதி. 137 கதையில் இப்படியொரு ஏமாற்றத்துக்கு வழியே கிடையாதே. அதேநேரம், எட்டு வாரத்தில் முதுகுவலி எவ்வளவு குறைந்தது என்று அளந்தவர்கள் பௌத்தரின் வீடுபேறான நிப்பானத்தை அளந்துவிடவில்லை. ஞானபோனிகர் காட்டில் உட்கார்ந்தது முதுகுவலிக்காகவும் அல்ல. அந்த மிச்சத்தைப் பரிசோதனைசாலை தொடவில்லை. தொட்டதாகச் சொல்கிற வியாபாரிகளிடம் பணத்தைக் கொடுத்து ஏமாற வேண்டாம்.

கேள்வி நேரத்துக்கு முன் ஒன்றே ஒன்று. தலாய் லாமா 1987 முதல் விஞ்ஞானிகளைத் தர்மசாலாவுக்கு அழைத்துப் பேசிவருகிறவர்; மூளை, அணு, பிரபஞ்சம் எல்லாம் கேட்பார். 1990 ஒக்டோபரில் அதே தர்மசாலாவுக்கு யூத அறிஞர் எண்மர் போனார்கள். ராபி ஸல்மன் ஷக்டர் ஷலோமி கப்பாலாவின் நான்கு உலகங்களை அவருக்கு விளக்கினார். அவர்களிடம் தலாய் லாமா அறிய விரும்பியது பெருவெடிப்பைப் பற்றி அல்ல. நாடிழந்து இரண்டாயிரம் ஆண்டு எப்படித் தாக்குப்பிடித்தீர்கள், எங்களுக்கும் சொல்லுங்கள் என்றார்.